ஆன்லைன் யூ ஷேப் தலைகாணியா, பஞ்சு கடை திண்டா? வேலூர் வெயில்ல எட்டாம் மாசம் ஒன்பதாம் மாசம் ரெண்டையும் யூஸ் பண்ணவளோட ரிவ்யூ

முதல்லயே மார்க்கை சொல்லிடறேன். ஆன்லைன்ல வந்த யூ ஷேப் பிரெக்னன்சி தலைகாணிக்கு 5க்கு 2. லாங் பஜார் பக்கம் பஞ்சு கடையில சொல்லி தெச்ச இலவம்பஞ்சு திண்டு செட்டுக்கு 5க்கு 4. ஏசி ரூம்ல படுக்குறவங்க இந்த மார்க்கை அப்படியே எடுத்துக்க வேணாம், நான் எழுதறது வேலூர்ல கத்திரி வெயில்ல, வளைகாப்பு முடிஞ்சு கொசப்பேட்டை அம்மா வீட்டுக்கு வந்து, மாடி ரூம்ல, ஒட்டு தளம் பகல்லாம் குடிச்ச சூட்டை ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் மேல இறக்கிக்கிட்டு இருக்க, ஃபேன் போட்டா அனல் காத்து தான் வரும், கரண்ட் வேற எப்ப போவும்னு தெரியாது, அந்த நிலைமையில படுத்து எழுந்து எழுதற ரிவ்யூ.

யூ ஷேப் தலைகாணியை வீட்டுக்காரர் தான் ஆர்டர் போட்டார். 1,899 ரூபா. ஏழு மாசம் முடிஞ்ச உடனே செக்கப்ல டாக்டரம்மா இனிமே மல்லாக்க படுக்காத, ஒருக்களிச்சு படுனு சொன்னாங்க, அதை கேட்டுட்டு வந்த ராத்திரியே மனுஷன் போன்ல தேடி போட்டுட்டார். காரணம் என்னன்னா வயிறு பெருசானதுக்கு அப்புறம் மல்லாக்க படுத்தா கர்ப்பப்பை மொத்த வெயிட்டும் முதுகெலும்பு பக்கத்துல ஓடற பெரிய ரத்தக்குழாய் மேல உக்காந்துடும், கீழ இருந்து இதயத்துக்கு திரும்பி வர்ற ரத்தம் குறையும், நமக்கு தலை சுத்தும் படபடனு வரும், குழந்தைக்கும் ரத்த ஓட்டம் கொஞ்சம் கம்மியாகும். அதனால 28 வாரத்துக்கு மேல தூங்க போகும்போது சைடுல படுக்கணும்னு சொல்றாங்க. இடது பக்கம் ரொம்ப நல்லதுன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா வலது பக்கம் படுத்தா ஒன்னும் ஆயிடாது, ராத்திரி பூரா ஒரே பக்கம் படுத்து இடுப்பு எலும்பு வலி எடுத்தவங்களுக்காக சொல்றேன், மாத்தி மாத்தி படுங்க. தூக்கத்துல தன்னால மல்லாந்துட்டு முழிச்சு பாத்து ஐயோன்னு அழுத ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா, அதுக்கெல்லாம் அழ வேணாம், முழிப்பு வந்தா திரும்பி படுத்துக்க வேண்டியது தான்.

சரி தலைகாணிக்கு வரேன். சுருட்டி காத்தெல்லாம் உறிஞ்சி எடுத்த பிளாஸ்டிக் பாக்கெட்ல வந்துச்சு, பிரிச்சதும் புஸ்ஸுனு ஊதி கட்டில் முழுக்க படுத்துக்கிச்சு. டபுள் காட்ல அது ஒரு ஆள், நான் ஒரு ஆள், வீட்டுக்காரர் சனி ஞாயிறு வந்தா தரையில பாய் தான். முதல் ரெண்டு மணி நேரம் சூப்பர், உண்மைய சொல்லணும். முன்னாடி ஒரு கை வயித்தை தாங்கும், பின்னாடி ஒரு கை முதுகை முட்டு குடுக்கும், முட்டிக்கு நடுவுலயும் வந்துடும். இந்த மாசத்துல ஹார்மோனால இடுப்பு ஜாயின்ட்டு எல்லாம் லூஸ் ஆகுமாம், பிரசவத்துக்கு ரெடி ஆகறதுக்கு, அதனால தான் திரும்பி படுக்கும்போது முன்னாடி எலும்புல சுள்ளுனு புடிக்குது. முட்டிக்கு நடுவுல தலைகாணி இருந்தா மேல் கால் கீழ விழாது, இடுப்பு நேரா நிக்கும், வலி பாதி குறையும். இந்த விஷயத்துல யூ ஷேப்பை குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஆரம்பிக்கும் பாருங்க. உள்ள பூரா ஃபைபர், மேல வழவழ துணி. வெப்சைட்ல போட்டிருந்தது காட்டன் கவர்னு, உள்ள ஜிப் ஓரத்துல சின்னதா தெச்சிருந்த லேபிள்ல மைக்ரோ ஃபைபர்னு இருக்கு. ரெண்டு பக்கமும் நம்மள கட்டிப்புடிச்சிக்கிட்டு இருக்கற மாதிரி டிசைன் பண்ணதால முதுகுலயும் வயித்துலயும் ஒரே நேரத்துல வேர்க்கும், வேர்வை எங்கயும் போகாது, நைட்டி நனைஞ்சு ஒட்டிக்கும். வயித்துல ஏற்கனவே தோல் இழுத்து அரிச்சுக்கிட்டு இருந்துச்சு, அது மேல வேர்க்குரு. ரிட்டர்ன் கேட்டா படுக்கற ஐட்டம், பிரிச்சுட்டா எடுத்துக்க மாட்டோம்னு ஒரு மெசேஜ், லேபிள் போட்டோ அனுப்பினேன், அதுக்கும் அதே மெசேஜ். கவர் ஓரமா தெச்சதும் ஒரு மாசத்துல விட்டுப் போச்சு.

அரிப்புன்னு சொன்னதால ஒன்னு சொல்லிடறேன். வயிறு அரிச்சா குழந்தைக்கு முடி வளருதுனு எங்க ஆயா சொல்லும், கேக்க நல்லா தான் இருக்கு, தோல் விரியறதால தான் அரிக்குது, தேங்காண்ணெய் போட்டா அடங்கும். ஆனா உள்ளங்கை உள்ளங்கால் அரிச்சா, அதுவும் ராத்திரில ஜாஸ்தியா, தடிப்பு ஒன்னும் இல்லாம அரிச்சா, தலைகாணி துணி மேலயோ வெயில் மேலயோ பழி போட்டுட்டு உக்காராதீங்க. ஈரல்ல இருந்து வர்ற பித்தநீர் ரத்தத்துல தேங்கினா அப்படி அரிக்கும், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும், குழந்தைக்கு ரிஸ்க் இருக்கற விஷயம் அது, டாக்டர் கிட்ட சொல்லியே ஆகணும்.

யூ ஷேப்போட இன்னொரு பெரிய தொல்லை பாத்ரூம். ஒன்பதாம் மாசம் குழந்தை தலை இறங்க இறங்க மூத்திரப்பை மேல அழுத்தும், ராத்திரி எத்தனை வாட்டி எழுந்துக்கறோம்னு கணக்கே இல்ல. ஒவ்வொரு வாட்டியும் அந்த வளையத்துல இருந்து கால தூக்கி வெளிய வரணும், ஜிப்பு தலைமாட்டுல சிக்கும், அதுக்குள்ள அவசரம் வந்துடும். இதுல ஆயா வேற பக்கத்து கட்டில்ல இருந்து, எழுந்து குந்தி திரும்பி படுடி, அப்படியே பொரளாத, கொடி சுத்திக்கும்னு கத்தும். கொடி சுத்தறது குழந்தை உள்ள குட்டிக்கரணம் அடிக்கறதால, நாம பொரண்டு படுக்கறதால இல்ல, பொறக்கற குழந்தைங்கள்ல நாலஞ்சுல ஒன்னுக்கு கழுத்துல கொடி சுத்தி தான் இருக்குமாம், பெரும்பாலும் பிரச்சனை இல்லாம எடுத்துடறாங்க. டாக்டரம்மா கிட்டயே கேட்டு ஆயா கிட்ட சொன்னேன், டாக்டருக்கு எத்தனை புள்ள, எனக்கு ஏழுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுச்சு. ஆனா ஒன்னு, குந்தி எழுந்து திரும்பினா இடுப்பு வலி கம்மியா தான் இருக்கு, அதுக்காக ஆயா சொல்றதை கேக்கலாம்.

இப்ப பஞ்சு கடை. பேரு போர்டுல ஏதோ இருக்கும், எல்லாரும் பாய் கடைனு தான் சொல்வாங்க. லாங் பஜார்ல நேதாஜி மார்க்கெட் கூட்டத்தை தாண்டி சந்துல திரும்பணும், ஆட்டோ உள்ள வராது, மாசமா இருக்கறவங்க சாயந்திரம் போனா இடிபட்டே சாவோம், காலைல பத்து மணிக்கு முன்னாடி போங்க. அம்மா கல்யாணத்துக்கு மெத்தை தெச்ச கடையாம். போனதும் கடைக்கார பாய் ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு தண்ணி குடுத்துட்டு தான் பேச்சே ஆரம்பிச்சார். யூ ஷேப் படத்தை போன்ல காட்டினேன். கண்ணாடியை இறக்கி பாத்துட்டு, "இதுல பூந்துகினா ராத்திரி எப்டிமா வெளிய வருவ? உனக்கு காலு எங்க வருது, வயிறு எங்க வருது அத மட்டும் சொல்லு, அளவு நான் போட்டுக்குறேன்"னார். அம்மா கைய புடிச்சிக்கிட்டு அங்க இருந்த மெத்தை மேலயே ஒருக்களிச்சு படுத்து காட்டினேன், பாயோட சம்சாரம் டேப் எடுத்து மார்ல இருந்து கணுக்கால் வரைக்கும் அளந்தாங்க.

அப்புறம் ரெண்டு மூட்டையை பிரிச்சு காட்டினார். ஒன்னு மில் வேஸ்ட் பஞ்சு, ஒன்னு இலவம்பஞ்சு. இலவம்பஞ்சை ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில நல்லா அமுக்கி விட்டார், விட்டதும் மெதுவா எழும்பி பழையபடி நின்னுச்சு, லேசான சந்தன கலர்ல பட்டு மாதிரி மின்னுது, விரலால பிரிச்சு கருப்பா கொட்டை ஒன்னு கூட இல்லனு காட்டினார். மில் பஞ்சை அமுக்கினா உருண்டை உருண்டையா அப்படியே கிடக்குது. கொட்டை எடுக்காத பஞ்சு வாங்கினா கொஞ்ச நாள்ல உறுத்தும், எலியும் வரும், அதனால யார் கிட்ட வாங்கினாலும் இந்த சோதனையை பண்ணி பாத்துட்டு வாங்குங்க. இலவம்பஞ்சு நார் உள்ள குழல் மாதிரி காலியா இருக்கும், அதான் அவ்ளோ லைட்டு.

தெச்சது மூணு பீஸ். நெஞ்சுல இருந்து பாதம் வரைக்கும் நீளமா ஒரு திண்டு, முன்னாடி கட்டிக்கறதுக்கு. முதுகுக்கு குட்டையா ஒன்னு. மூணாவது முக்கோணமா, தலைமாட்டுல சரிவா வெக்கறது, அது பாய் ஐடியா இல்ல நான் கேட்டது, நெஞ்செரிச்சலுக்கு. மேல காடா துணி உறை, கயிறு வெச்சு கட்டறது, ஜிப் வேணாம்னு சொல்லிட்டேன். மூணும் சேர்த்து 1,350 ரூபா, அம்மா பேரம் பேசி 1,250 ஆச்சு. சொன்ன நாள்ல ரெடி ஆகல, ரெண்டு நாள் இழுத்தார், அதுக்கு தான் அரை மார்க் குறைச்சேன். இன்னொரு அரை மார்க் ஏன்னு கீழ சொல்றேன்.

நீள திண்டு தான் ஹீரோ. முட்டிக்கு நடுவுல மட்டும் வெச்சா பாதம் கீழ தொங்கி இடுப்பு மறுபடி முறுக்கிக்குது, பாதம் வரைக்கும் தாங்கினா தான் நிம்மதி, அதனால அளவு சொல்லும்போது கணுக்காலையும் சேர்த்து சொல்லுங்க. பாத்ரூம் வந்தா ஒரு கையால தள்ளிட்டு எழுந்துடலாம். திரும்பி படுக்கணும்னா திண்டையும் தூக்கி அந்த பக்கம் போட்டுக்கலாம், பஞ்சு மாதிரி லேசுனு சொல்றது சும்மா இல்ல. எனக்கு ராத்திரில கை மரத்து போகும், விரல்ல ஊசி குத்தற மாதிரி இருக்கும், முதல்ல பயந்துட்டேன், உடம்புல நீர் சேர்றதால மணிக்கட்டுல நரம்பு அமுங்குதாம், பிரசவம் ஆனா பெரும்பாலும் சரியாயிடுமாம். மணிக்கட்டை மடக்காம நேரா திண்டு மேல நீட்டி வெச்சு தூங்கினா காலைல அவ்ளோ இல்ல.

முக்கோண பீஸ் பரவால்ல ரகம். குழந்தை வயித்தை மேல தள்ளுது, ஹார்மோனால இரைப்பை வாய் லூஸாகுது, சாப்பிட்ட உடனே படுத்தா புளிச்சு மேல வந்துடும். சரிவா படுத்தா ஓரளவுக்கு நிக்கும். ஆனா ராத்திரி எட்டரைக்கு ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்கா தொக்கும் சாப்பிட்டுட்டு ஒன்பது மணிக்கு படுத்தா எந்த பாய் தெச்ச தலைகாணியும் காப்பாத்தாது. பிரியாணியை மதியத்துக்கு மாத்திக்கிட்டு ராத்திரி ரெண்டு இட்லியோட நிறுத்தினேன், அது தான் வேலை செஞ்சுது. ஜெலுசில் மாதிரி எதாவது குடிக்கறதா இருந்தாலும் கேட்டுட்டு குடிங்க, அயர்ன் மாத்திரையோட சேர்த்து போட்டா அயர்ன் உடம்புல ஏறாது. டீ காப்பியோட அயர்ன் போடறவங்களும் இருக்காங்க, வேணாம். அயர்னையும் கால்சியத்தையும் வேற வேற நேரத்துல போடுங்கன்னு நர்ஸம்மா தலைபாடா அடிச்சுக்கறாங்க, அதுக்கும் காரணம் இதே தான்.

எந்த தலைகாணியாலயும் முடியாததும் இருக்கு, அதுக்கு தலைகாணியை திட்டி பிரயோஜனம் இல்ல. விடியக்காலைல கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி புடிச்சிக்கும், அப்ப கத்திக்கிட்டு பாதத்தை கீழ நீட்டாதீங்க, பெருவிரலை நம்ம பக்கமா இழுத்து குதிகாலை முன்னாடி தள்ளுங்க, விட்டுடும். மலச்சிக்கல் அயர்ன் மாத்திரையால, நிறுத்தாதீங்க, கீரை, கொய்யா, தண்ணி. ராத்திரி எழுந்துக்கணுமேனு தண்ணியை குறைக்கறவங்க நிறைய பேர், வேலூர் வெயில்ல அதை செய்யாதீங்க, உடம்பு காஞ்சா சூட்டு வலி புடிக்கும், நீர்க்கடுப்பும் வரும், கடுப்பு இன்ஃபெக்ஷனா இருந்தா அதுவே வலியை முன்கூட்டி வர வெச்சிடலாம். பகல்ல நிறைய குடிச்சிட்டு படுக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி மட்டும் குறைச்சுக்கங்க.

சூட்டு வலினா எங்க வீட்டுல சீரக தண்ணி தான். குடிச்சிட்டு இடது பக்கம் திண்டை கட்டிக்கிட்டு படுத்தா அடங்கிடும், இல்லன்னா கொஞ்சம் நடந்தா அடங்கிடும். நிஜ வலினா எப்படி படுத்தாலும் அடங்காது, விட்டு விட்டு வரும், இடைவெளி குறைஞ்சுக்கிட்டே போகும், ஒவ்வொன்னும் போன வலியை விட பலமா இருக்கும். ஆனா 37 வாரத்துக்கு முன்னாடி அப்படி ஒழுங்கா விட்டு விட்டு வந்தா சீரகத்தை கொதிக்க வெச்சுக்கிட்டு நிக்காம கிளம்புங்க. தண்ணி உடைஞ்சாலும் ரத்தம் பட்டாலும் அதே தான், 108க்கு போன் பண்ணுங்க.

கால் வீக்கத்துக்கு குட்டை திண்டை காலுக்கு கீழ வெச்சு பகல்ல கொஞ்ச நேரம் தூக்கி வெச்சேன், சாயந்திரம் செருப்பு நுழையற அளவுக்கு வத்துச்சு. வெயில்ல எல்லாருக்கும் வீங்கும். திடீர்னு மூஞ்சி, கை எல்லாம் வீங்கி, கூட விடாத தலைவலி, கண்ணு மங்கல், நெஞ்சுக்குழிக்கு கீழ வலி இருந்தா அது பிரஷர். 140க்கு 90னு ரீடிங் காட்டினாலே கவனிக்க வேண்டிய லெவல், அடுத்த செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்க கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் காட்டுங்க, ரத்தம் உறைஞ்சிருக்கலாம்.

சைடுல அமைதியா படுக்கறதுல எனக்கு புடிச்ச விஷயம் குழந்தை அசையறது நல்லா தெரியும். ராத்திரி சாப்பிட்டு திண்டை கட்டிக்கிட்டு படுத்தா உடனே ஒரு உதை, திண்டு லேசா ஆடும், அம்மா பாத்துட்டு சிரிக்கும். எல்லா குழந்தைக்கும் ஒரே கணக்கு கிடையாது, உங்க குழந்தை வழக்கமா எப்படினு உங்களுக்கு தெரியும், அதை விட குறைஞ்சா அன்னைக்கே போங்க, ராத்திரியா இருந்தாலும். கடைசி மாசத்துல இடம் பத்தாது அதான் அசையலனு பக்கத்து வீட்டுல சொல்வாங்க. அசையற விதம் மாறும், முன்ன மாதிரி குத்தாம பொரளும், ஆனா அசைவே குறையறது சகஜம் இல்ல.

அந்த அரை மார்க்குக்கு வரேன். இலவம்பஞ்சு நாள் ஆக ஆக அமுங்கும். ரெண்டு வாரத்துல நீள திண்டு நடுவுல குழி விழுந்துச்சு. மொட்டை மாடில பகல்ல போட்டு எடுத்து தட்டி விட்டா மறுபடி எழும்புது, வேலூர்ல வெயிலுக்கா பஞ்சம், ஆனா மாசமா இருக்கறவ மொட்டை மாடி ஏற முடியுமா, தம்பியை கெஞ்சணும். தண்ணில முக்கவே கூடாது, கட்டி கட்டியாயிடும், அதனால உறையை மட்டும் துவைக்கணும், ரெண்டு உறை கேட்டு வாங்கிக்கங்க, இல்லன்னா பழைய காட்டன் புடவையை சுத்திக்கங்க, அதுவே போதும். இன்னொன்னு, வீசிங் இருக்கறவங்க, தூசி ஆகாதவங்க இலவம்பஞ்சு பக்கம் போகாதீங்க, நல்லா அடிச்ச பஞ்சுலயும் தூள் பறக்கும். அவங்களுக்கு ஃபைபர் தான் சரி, யூ ஷேப் வாங்காம நீளமா ஒரே பீஸா இருக்கறதை, நிஜமா காட்டன் உறை போட்டதை பாத்து வாங்குங்க.

காசு செலவு பண்ண முடியாதுன்னா வீட்டுல இருக்கற ரெண்டு தலைகாணியை பழைய வேட்டியில வரிசையா வெச்சு சுருட்டி மூணு இடத்துல கட்டிக்கங்க, எங்க சித்தி பொண்ணு குடியாத்தத்துல அப்படி தான் சமாளிச்சா, நான் மார்க் போட்டா அதுக்கு 5க்கு 3 குடுப்பேன்.

பிரசவத்துக்கு அப்புறம் பால் குடுக்கும்போது குட்டை திண்டை மடியில வெச்சுக்கலாம், உபயோகம் இருக்கு. ஆனா குழந்தை தூங்கற இடத்துல இந்த திண்டு எதையும் வெக்காதீங்க, பாதுகாப்புக்கு சுத்தி அணை கட்டறேன்னு எங்க அத்தை ரெடியா இருக்காங்க, வேணாம்னு இப்பவே சொல்லி வெச்சிருக்கேன். சின்ன குழந்தைக்கு மூக்கு அமுங்கினா தலையை திருப்பிக்க தெரியாது, கெட்டியான சமமான படுக்கை போதும். கடுகு தலைகாணியும் அதே லிஸ்ட் தான்.

பாய் கடைக்கு போறவங்க வெள்ளிக்கிழமை மதியம் போகாதீங்க, தொழுகைக்கு சாத்தியிருக்கும். அளவு எடுக்க நேர்ல வர முடியலன்னா வீட்டுல ஒரு நாடாவுல மார்ல இருந்து பாதம் வரைக்கும் முடிச்சு போட்டு யார் கிட்டயாவது குடுத்து அனுப்புங்க, அதை வெச்சே தெச்சு குடுத்துடறார், கூகுள் பே வாங்கறதில்ல, காசா எடுத்துட்டு போங்க.